வியாழக்கிழமை காலை ஒன்பது மணி

லெஸ்டர்,
21.9.2025

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் பதினோரு நாளில் வந்து சேர்ந்தது. மூட்டு, சர்க்கரை, பல் என்று நீ கொடுத்திருந்த பட்டியலைப் படித்ததும் எங்கள் வீட்டுப் பட்டியலையும் எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். இங்கே கூடுதலாகக் குளிர். மகேஸ்வரி நலம். இந்த வருஷம் தோட்டத்தில் பீர்க்கங்காய் காய்த்ததை உனக்குக் கட்டாயம் எழுதச் சொன்னாள். கண்ணாடிக் கொட்டகைக்குள்தான். இருந்தாலும் பீர்க்கங்காய் அல்லவா.

கடிதத்தின் கடைசிப் பத்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "பெருவெடிப்பு நடந்தப்போ சத்தம் கேட்டிருக்குமா தாத்தா?" என்று பேத்தி கேட்டாளாம். முப்பது வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தும் பதில் வரவில்லை என்று புலம்பியிருக்கிறாய். ஏலே, நல்ல கேள்விக்கு உடனே பதில் வராது. நானும் நாலு நாளாக அதையே மென்றுகொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் பேரின் கதை. அது பிறந்ததே ரேடியோவில்தான். 1949 மார்ச் 28 அன்று பிபிசியின் தேர்ட் புரோகிராமில் ஃபிரெட் ஹாயில் என்ற வானியலாளர் பேசினார். பிரபஞ்சம் ஒரு கணத்தில் தொடங்கி விரிந்தது என்ற கொள்கையில் அவருக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் என்று ஒன்றில்லை, அது விரிய விரியப் புதுப் பொருள் உண்டாகி இடத்தை நிரப்பிக்கொள்கிறது என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி சொல்வதை நேயர்களுக்கு விளக்க வேண்டும். கரும்பலகை இல்லை, படம் இல்லை, வாய் ஒன்றுதான் கருவி. 'பிக் பேங்' என்றார். கிண்டலுக்குச் சொன்னார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கேட்பவர் மனதில் படம் விழுவதற்காகச் சொன்னேன் என்று அவர் பிற்பாடு மறுத்தார். எப்படியோ, எதிராளி வைத்த பேரே நிலைத்துவிட்டது. நாம் அதைப் பெருவெடிப்பு என்று தமிழாக்கினோம். நீயும் வகுப்பில் தீபாவளிப் பட்டாசு மாதிரி ஒரு படம் போட்டிருப்பாய்!

1964-இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு பேர் தங்கள் ஆன்டெனாவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒழியாத ஓர் இரைச்சலைக் கண்டார்கள். புறா எச்சம்தான் காரணமோ என்று கழுவிக்கூடப் பார்த்தார்கள். பிரபஞ்சத் தொடக்கத்துச் சூட்டின் மிச்சக் கதிர்வீச்சு அது. அதோடு ஹாயிலின் கட்சி படுத்துவிட்டது.

இனி பேத்திக்குப் பதில். வெடித்துச் சிதறுவதற்கு வெளியே ஓர் இடமே இல்லை, இடமே விரிந்தது. ஆகவே 'டமார்' கிடையாது. ஆனால் முதல் 3,80,000 ஆண்டுகள் வரை பிரபஞ்சம் ஒரு கொதிக்கும் குழம்பாக இருந்தது. அந்தக் குழம்புக்குள் அழுத்த அலைகள் ஓடின. ஒலி என்பதும் அழுத்த அலைதானே? கேட்கத்தான் காது இல்லை. அந்த அலைகளின் தடத்தை அதே மிச்சக் கதிர்வீச்சில் இன்றும் அளக்கிறார்கள். "சத்தம் இருந்தது, வெடிச் சத்தம் இல்லை" என்று அவளிடம் சொல். அடுத்து ஒன்று கேட்பாள். அதற்கு நீ பொறுப்பு.

பத்தாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீ சிரிப்பது காதில் விழுகிறது. எல்லாம் ஒரு கிழவர் தயவு. மெல்வின் பிராக். பிபிசி ரேடியோ 4-இல் 'இன் அவர் டைம்' என்ற உரையாடல் நிகழ்ச்சியை நடத்தியவர். விலகுகிறார் என்று இந்த மாதத் தொடக்கத்தில் அறிவித்தார்கள். அடுத்த மாதம் வந்தால் வயது எண்பத்தாறு. செய்தியைக் கேட்டதிலிருந்து, சொந்தக்காரர் ஒருவர் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது.

நான் கிடங்கில் இரவு வேலை பார்த்தது உனக்குத் தெரியும். எட்டரைக்கு விடுவார்கள். வியாழக்கிழமைகளில் வீட்டு வாசலுக்கு வண்டி வந்து நிற்கும்போது ஒன்பது அடித்திருக்கும். முதல் தடவை தற்செயலாகக் காதில் விழுந்தது. இசை கிடையாது, விளம்பரம் கிடையாது, நேயர் தொலைபேசி கிடையாது. ஒரு 'ஹலோ', உடனே விஷயம். ஒரு மேஜையைச் சுற்றி மூன்று பல்கலைக்கழக ஆசிரியர்கள், நடுவில் இவர், முக்கால் மணி நேரம். இறங்க மனசில்லாமல் வண்டியிலேயே இருந்துவிட்டேன். மகேஸ்வரி வந்து கண்ணாடியைத் தட்டி, "வண்டியிலயே தூங்கிட்டீங்களா?" என்றாள். அதன்பின் வியாழக்கிழமை இட்லி எப்போதும் ஆறித்தான் கிடைத்தது.

அந்த நேரம் அவருக்குக் கிடைத்ததே ஒரு வேடிக்கை. 1998-இல் லேபர் கட்சி சார்பில் பிரபுக்கள் சபைக்குப் போனார். அதனால் திங்கட்கிழமை நடத்திவந்த பேட்டி நிகழ்ச்சியை விடவேண்டி வந்தது. அதற்குப் பதிலாக, எந்த நிகழ்ச்சியும் தேறாத நேரம் என்று பேர் வாங்கிய வியாழன் காலை ஒன்பது மணியை ஆறு மாத ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். கேட்க ஆளிருக்காது என்று தெரிந்ததும் மனுஷன் தனக்குப் பிடித்ததையே செய்தார். அக்டோபர் 15 அன்று இருபதாம் நூற்றாண்டுப் போர்களில் தொடங்கினார். இருபத்தாறு வருஷத்தில் ஆயிரம் நிகழ்ச்சிகளைத் தாண்டிவிட்டார். ஒரு வாரம் ஒளிச்சேர்க்கை, ஒரு வாரம் பகா எண்கள், ஒரு வாரம் அசோகர், ஒரு வாரம் பகவத் கீதை. அன்றைய செய்திக்கும் தலைப்புக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது.

அவர் ஒன்றும் மேதாவி வேஷம் போடுகிறவர் அல்ல. வடக்கே கம்பர்லாந்தில் விக்டன் என்ற சின்ன ஊரில், அப்பா நடத்திய மதுக்கடைக்கு மேல்மாடியில் வளர்ந்தவர். வாரம் முழுக்கக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருவார். ஆனாலும் விருந்தாளி ஒருவர் கலைச்சொல்லை அவிழ்த்துவிட்டால் சட்டென்று மறித்து, அதற்கு என்ன அர்த்தம் என்பார். சுற்றி வளைத்தால் நேரமில்லை, விஷயத்துக்கு வாருங்கள் என்பார். சில நாள் முரட்டுத்தனமாகவே இருக்கும், எனக்கே கோபம் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் குறுக்கீட்டுக்குப் பிறகு வரும் வாக்கியம்தான் எனக்குப் புரியும் முதல் வாக்கியமாக இருக்கும்.

அப்போதெல்லாம் உன் ஞாபகம்தான். அம்பாசமுத்திரத்தில் ஒன்பதாம் வகுப்பில் எழுந்து, "அணுவைக் கண்ணால பாக்காம அது இருக்குன்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டாயே. பீரியட் முழுக்க பெஞ்சு மேல் நிற்கவைத்தார்கள். பெயரை எழுதமாட்டேன், மனுஷன் இப்போது இல்லை. நீ கேட்டதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். பெஞ்சுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

உன் கட்சிக்காரரைப் பற்றியும் சொல்லவேண்டும். 2005-இல் தலைசிறந்த தத்துவவாதி யார் என்று நேயர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மார்க்ஸ் 27.93 சதவீதம் வாங்கி முதலிடம். இரண்டாவதாக வந்த ஹியூமுக்கு 12.67தான். ஆசிரியர் சங்கத் தேர்தலில்கூட உனக்கு இப்படி ஒரு வெற்றி கிடைத்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. பல வருஷம் கேட்டும் சங்கப் பாடல்கள் பற்றி ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. கிரேக்கத்துக்கும் ரோமுக்கும் திரும்பத் திரும்பப் போவார்கள். ஆனால் 2006 டிசம்பரில் இந்தியக் கணிதத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினார்கள். கேரளத்தில் பிறந்த ஜார்ஜ் கெவர்கீஸ் ஜோசப்பும் பேசினார். அதைக் கேட்டபின்தான் கேரளத்துக் கணித அறிஞர் மாதவரைத் தேடிப் படித்தேன். லைப்னிட்ஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் பேரில் நாம் மனப்பாடம் செய்த பை-யின் தொடரை, அவருக்கு இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே, நம் மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் கண்டிருக்கிறார். அதை நிறுவும் 'யுக்திபாஷா' மலையாளத்தில் எழுதப்பட்ட நூல். பஸ்ஸில் போய் வரும் தூரம். நமக்கு யாரும் சொல்லவில்லையே முருகேசா.

இன்னொரு வயிற்றெரிச்சல். 1952 ஜனவரியில் பிபிசியில் நாலு பேர் ஒரு விவாதம் நடத்தினார்கள்: கணக்கிடும் எந்திரம் சிந்திக்கிறது என்று சொல்லலாமா? கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங், மூளை அறுவை மருத்துவர் ஜெஃபர்சன், கணித வல்லுநர் நியூமன், தத்துவம் பேசும் பிரெய்த்வெய்ட். இன்றைக்கு உன் பேத்தி போனிடம் கேள்வி கேட்கிறாளே, அந்த விஷயம் அப்போதே. எழுத்துப் பிரதி இருக்கிறது, ஒலிப்பதிவு இல்லை. டூரிங்கின் குரல் இன்று எங்குமே கிடையாது. அந்த விதத்தில் நமக்கு அதிர்ஷ்டம்: பிபிசி முதன்முதலில் இறக்கிக்கொள்ளக் கொடுத்த நிகழ்ச்சியே பிராக்குடையதுதான், 2004-இல். பழையவை எல்லாம் அப்படியே கிடைக்கின்றன.

இணையத்தில் வருவதில் ஒலிபரப்பு முடிந்த பிறகும் சில நிமிஷம் கூடுதலாக ஓடும். எதைச் சொல்லாமல் விட்டோம் என்று பிராக் கேட்பார். அப்போதுதான் மூன்று பேரும் இடுப்புக் கச்சையைத் தளர்த்தின மாதிரிப் பேசுவார்கள். கதவைத் திறந்துகொண்டு தயாரிப்பாளர் வந்து, டீயா காபியா என்பார். எனக்கு முக்கால் மணி நேரத்தைவிட அந்த இடம் பிடிக்கும். நம்மூர் டீக்கடை பெஞ்சில், ரேடியோ இரைச்சலுக்கு நடுவே பிபிசி தமிழோசை முடிந்ததும் நாம் ஆரம்பிப்போமே, அது மாதிரி.

ஜனவரி இரண்டாம் வாரம் வருகிறோம். ஒரு பென் டிரைவில் ஐம்பது நிகழ்ச்சி ஏற்றிக்கொண்டு வருகிறேன். உச்சரிப்பு பேத்திக்கு முதலில் பிடிபடாது, நீ பக்கத்தில் உட்கார். அந்த மூட்டுவலித் தைலம் இங்கே மலிவு, இரண்டு பாட்டில் எடுத்துவருகிறேன். மகேஸ்வரிக்கு நாட்டுப் பீர்க்கன் விதை வேண்டுமாம். இந்த வருஷம் முற்றினதில் இரண்டைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவை.

அன்புடன்,
சுப்பையா