பேண்டு வாத்தியத்தில் சினிமாப் பாட்டு: ஒரு பழைய கிளாரினெட்காரனின் பதில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுதந்திர தின அணிவகுப்பு முடிந்த கையோடு பேண்டு குழுவினர் சினிமாப் பாட்டு வாசித்ததைக் கண்டித்து, சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சீருடைக்கு இழுக்கு, மரபுக்குக் கேடு என்றெல்லாம் அடுக்கியிருந்தார். நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வுபெற்றவன். இப்போது கோபி பக்கத்தில் மஞ்சளும் வாழையுமாகக் காலம் போகிறது. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது பாய வேண்டிய இடம் வேறு.

இராணுவ இசையில் மரபு என்றால் டெல்லி விஜய் சௌக்கில் ஜனவரி 29ஆம் தேதி முப்படை பேண்டுகளும் வாசிக்கும் பாசறை திரும்பும் (பீட்டிங் ரிட்ரீட்) நிகழ்ச்சியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். காந்திஜிக்குப் பிடித்த ‘அபைட் வித் மீ’ என்ற கிறித்தவத் துதிப்பாடல் அங்கே பல்லாண்டுகள் ஒலித்தது. 2022இல் அதை எடுத்துவிட்டு ‘ஏ மேரே வதன் கே லோகோ’ பாடலை வைத்தார்கள். சீனப் போரில் மாண்டவர்களுக்காக 1963 ஜனவரியில் லதா மங்கேஷ்கர் பாடியது அது. மெட்டுப் போட்ட சி. ராம்சந்திரா இந்திப் பட இசையமைப்பாளர். பழையதை எடுத்தது சரிதானா என்பது தனி வழக்கு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இருந்தாலும் ஒரு படக்காரரின் மெட்டு முப்படைத் தலைவர்கள் முன்னால் ஒலித்தபோது யாருடைய மிடுக்கும் குறைந்துவிடவில்லை.

டெல்லி எதற்கு? 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தார்கள். 55 வினாடியில், மூன்றன் நடையில் பாட வேண்டும் என்பது அரசாணை. நாம் எல்லோரும் எழுந்து நின்று கேட்கும் அந்த மெட்டு எம்.எஸ். விஸ்வநாதன் போட்டது. அதில் யாருக்காவது சினிமா வாடை அடிக்கிறதா?

கொடுக்கல் வாங்கல் இன்று நேற்று தொடங்கியதும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளை எடுத்து முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்ற பாடல்களைச் செய்தார். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டு அவர் கையில் சியாமளா தேவியைத் துதிக்கும் பாட்டானது. அமெரிக்காவில் மரைன் படையின் பேண்டை நடத்திய சூசா 1889இல் ஒரு மார்ச் எழுதினார். கட்டுரைப் போட்டிப் பரிசளிப்பு விழாவுக்காக ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை கேட்டு வாங்கியது அது. பத்திரிகையின் பெயரே அதற்கும் பெயர். ஊர் ஜனங்கள் அதை வைத்து ஜோடி ஜோடியாக நடனமாடித் தீர்த்தார்கள். (பத்திரிகைகள் அன்றைக்கு அப்படிச் செலவு செய்தன. தங்கள் கவனத்துக்கு.)

ஒரு பாட்டு மார்ச்சாக மாறும் வேலையை அந்த வாசகர் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டார். படை நடப்பது நிமிடத்துக்கு 120 அடி என்ற கணக்கில். இடது கால் ஊன்றும் நொடியில் பாஸ் டிரம் விழ வேண்டும். நம் காவடிச்சிந்து போன்ற மெட்டுகள் ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாக ஓடும். ஒரு தகிடவுக்கு ஓர் அடி என்று வைத்தால் கால் தானாக எழும். மேலே சொன்ன சூசாவின் மார்ச்சும் இதே கணக்குதான். ஆகவே பழனிக்குக் காவடி எடுத்து ஆடும் நடையில் ஒரு படைப்பிரிவையே அணிவகுத்து நடக்க வைக்கலாம். ஆனால் ஏழு எண்ணும் மிஸ்ர நடை மெட்டை எடுத்தீர்களோ, தொலைந்தது. ஓர் எண்ணுக்கு ஓர் அடி வைத்தால், முதல் சுற்றில் இடது காலில் விழுந்த தாள அடி மறு சுற்றில் வலது காலில் விழும். நான்காவது வரிசையில் ஒருவன் கால் மாற்றுவான். அவனைப் பார்த்து ஐந்தாவது வரிசையும் மாற்றும். பிறகு முன்னால் கோலேந்தி பேண்டை நடத்திச் செல்லும் டிரம் மேஜர் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

தாளத்தோடு தொல்லை தீராது. பாடகர் ஒருவர் குரலை வளைத்து இழுப்பது இனிமை. அதையே பத்து கிளாரினெட் பத்து விதமாக இழுத்தால் சந்தை இரைச்சல். அதனால் பேண்டு மாஸ்டர் வளைவுகளை எல்லாம் நேராக்கி, பல்லவியைக் கார்னெட்டுக்குக் கொடுத்து, எதிர்மெட்டு ஒன்றை யூஃபோனியத்துக்கு எழுதுவார். பாடகர் மூச்சு வாங்கும் இடம் டிராம்போன்களுக்கு. எழுதியதை உள்ளங்கை அகல அட்டையில் ஒட்டி, வாத்தியத்திலேயே ஒரு கவ்வியில் செருகிக்கொள்வோம். எங்கள் ரெஜிமெண்ட் மையம் இருக்கும் நீலகிரி வெலிங்டன் காற்றில் அந்த அட்டை படபடக்கும்போது, கண் ஒரு வரியைத் தவறவிட்டாலும் விரல் தவறவிடக் கூடாது. இத்தனைக்கும் பேண்டுக்காரன் வெறும் வாசிப்புக்காரன் இல்லை. சண்டை வந்தால் ஸ்டிரெச்சர் தூக்குகிறவனும் அவன்தான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கொடி ஏறும்போது, நாட்டுப்பண்ணின்போது, மரியாதை அணிவகுப்பின்போது, மாண்டவர்களுக்காகப் பியூகிளில் ‘லாஸ்ட் போஸ்ட்’ ஊதும்போது ஒரு சுரம்கூட இடம் மாறக் கூடாது. நாட்டுப்பண் 52 வினாடி என்றால் 52 வினாடிதான். அங்கே புதுமை செய்ய ஒருவன் வந்தால் கண்டனக் கடிதம் என்னிடமிருந்துதான் முதலில் வரும். ஆனால் சடங்கு முடிந்து, விருந்தினர் எழுந்து, பிள்ளைகள் மிட்டாய்க்கு வரிசை கட்டும் நேரத்தில் ஜனங்களுக்குத் தெரிந்த பாட்டை வாசிப்பது பேண்டின் கடமைகளில் ஒன்று. வாசகர் குறைப்பட்டது இந்த இரண்டாவது இடத்தைப் பற்றி.

நான் குறைப்படுவது இன்னொன்றை. எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இந்த ஆண்டு கொடியேற்று விழாவுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் சீருடை, தொப்பி, தோள் பட்டை எல்லாம் மாட்டி, வாத்தியங்களோடு நடந்து வந்தார்கள். இசை வந்ததோ ஆலமரத்தில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து. பதிவு செய்த மார்ச்சை ஓடவிட்டிருந்தார்கள். டிரம் அடிக்கும் பையன் தோலில் படாமல் குச்சியை ஆட்டிக்கொண்டு போனான். ஒரு சிறுமி டிரம்பெட்டை உதட்டில் வைத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். தமிழ்த்தாய் வாழ்த்தையே இசைத்தட்டில் போடாமல் வாயால் பாடுவதை ஊக்குவிக்கச் சொல்கிறது அரசாணை. பேண்டுக்கு மட்டும் பொம்மலாட்டம் போதுமா? சீருடைக்கு இழுக்கு என்று எழுதுவதானால் இதை எழுதலாம்.

விழா முடிந்து தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பாதி வாத்தியம் ஊதினால் சத்தம் வருவதில்லை. இப்போது சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் முதலில் கேட்டது சினிமாப் பாட்டுதான். தமிழ்த்தாய் வாழ்த்து சுத்தமாக வந்தபின் அதைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பேரம் நன்றாகவே வேலை செய்கிறது. மாரியம்மன் நோம்பிக்குத் துடும்பு மேளம் அடிக்கும் வீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். பாஸ் டிரம்மை அவனிடம் கொடுத்த நாளிலிருந்து மற்றவர்கள் கால் தப்பவில்லை.

இரண்டு கிளாரினெட்டுகளில் விரலால் அழுத்தும் சாவிகளுக்கு அடியில் உள்ள பேட் எனும் மெத்தை தேய்ந்து காற்று ஒழுகுகிறது. ஈரோடு, திருப்பூர், கோவை வட்டாரத்தில் இதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இருந்தால், தங்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதினால் உதவியாக இருக்கும். கூலியை நான் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இராணுவ பேண்டு இசைஞர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.