யூசுப் பாய்க்கு, சூசை எழுதுவது

அன்புள்ள யூசுப் பாய்,

ஸலாம். இந்த ரங்கூன் தெருவில் உங்கள் தையல் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் நாலு கதவுதான். நடந்து வந்து சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறானே என்று சிரிப்பீர்கள். இரண்டு தடவை வந்தேன். முதல் தடவை நீங்கள் அஸர் தொழப் போயிருந்தீர்கள். இரண்டாம் தடவை நீங்கள் இருந்தீர்கள், எனக்குத்தான் வாய் வரவில்லை. "ரெண்டு ரீல் வெள்ளை நூல் இருக்கா பாய்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த நூல் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.

அதனால் பேத்தியை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல இதை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் போடுவதற்கும் காரணம் உண்டு. உங்கள் பேரன் டீக்கடையில் காட்டிய வீடியோவும் நாலு பேர் பார்க்கிற இடத்தில்தானே கிடந்தது! இஸ்லாமா கிறிஸ்தவமா என்று விவாதம். மேடையில் ஒரு தொப்பிக்காரர், ஒரு கோட்டுக்காரர். அத்தியாயம் இத்தனை, வசனம் இத்தனை என்று ஒருவர் மேல் ஒருவர் எண்களை வீசுகிறார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் கைதட்டு. தட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்த வசனத்துக்கு முந்திய வரியைப் படித்திருப்பார்கள்?

அது முடிந்ததும் நீங்கள் கேட்டீர்கள்: "ஏன் சூசை, ஆண்டவனுக்குப் புள்ளைன்னா பொண்டாட்டி யாரு?"

பலாத்தா ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. பதில் சொல்லத் தெரியாமல் நான் உங்கள் நபியைப் பற்றி ஒன்று கேட்டேன். அது கேள்வியே இல்லை, குத்து. நாற்பது வருஷப் பழக்கத்தில் உங்கள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. அதற்கு இங்கேயே, எல்லார் முன்னாலும், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பேத்தி இந்த வரியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். சரியாகத்தான் இருக்கிறது.

கடைக்குத் திரும்பியபோது காஜா எடுக்கும் பர்மியப் பெண் கேட்டாள்: "எந்த பயாவுக்காகச் சண்டை?" பர்மிய மொழியில் புத்தரும் பயா, புத்தர் கோயிலான பகோடாவும் பயா, நம் இரண்டு பேருடைய ஆண்டவனும் பயாதான். 1834-ல் பைபிளைப் பர்மிய மொழியில் முடித்த அமெரிக்க மிஷனரி ஜட்சனும் வேறு வழியில்லாமல் அந்தச் சொல்லோடு, எஜமான் என்று அர்த்தமுள்ள 'தகின்' சேர்த்துப் பயாதகின் என்றுதான் எழுதினார். அவளுக்கு நான் என்ன விளக்குவது? "ஒரே பயாதான், ஆனா ரெண்டு சண்டை" என்றேன்.

அன்று ராத்திரி கரண்ட் போனபின் டார்ச் வெளிச்சத்தில், நீங்கள் எப்போதோ கொடுத்த குர்ஆனின் தமிழ் தர்ஜமாவை, அதாவது மொழிபெயர்ப்பை, எடுத்தேன். நீங்கள் கேட்ட கேள்வி உங்கள் பேரனுடையதும் இல்லை, வீடியோக்காரருடையதும் இல்லை. ஆறாவது சூரா (அத்தியாயம்), 101-ஆவது வசனம்: துணைவி இல்லாதபோது அவனுக்குப் பிள்ளை எப்படி இருக்க முடியும் என்று குர்ஆனே கேட்கிறது. நானும் அதையேதான் சொல்வேன் பாய். ஆண்டவனுக்கு மனைவி இல்லை. ஆண்டவன் ஒரு பெண்ணோடு சேர்ந்து பிள்ளை பெற்றான் என்று ஒருவன் சொன்னால் எங்கள் சாமியாரும் அவனைக் கோயிலை விட்டு வெளியே அனுப்புவார்.

அப்படியானால் நாங்கள் சொல்வது என்ன? கி.பி. 325-ல் நிசேயா நகரில் கூடிய கிறிஸ்தவ ஆயர்கள் (பிஷப்புகள்) ஒரு விசுவாசப் பிரமாணம் எழுதினார்கள். அதுதான் பிறகு விரிந்து, இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் நாங்கள் சொல்வது. தமிழில் அதை ஆக்கியவர் யாரோ, அவருக்குக் கும்பிடு. 'பெறப்பட்டவர்' என்று போடவில்லை. "ஒளியினின்று ஒளியாக… உதித்தவர்" என்று போட்டார். சூரியன் உதிக்கிறது என்கிறோம், அந்த உதிப்பு. சூரியன் இருந்தால் வெளிச்சம் இருக்கும். வெளிச்சம் இல்லாமல் சூரியன் இருந்த நேரம் ஒன்று கிடையாது. எங்கள் 'மகன்' அந்த அர்த்தத்தில் மகன். மனிதப் பேச்சில் வேறு சொல் கிடைக்காமல் மகன் என்கிறோம், அந்தச் சொல்தான் உங்கள் காதில் முள்ளாகக் குத்துகிறது. நீங்கள் தினம் ஓதும் இக்லாஸ் சூரா "அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை" என்கிறது. பெறுதல் என்ற சொல்லை நீங்களும் தள்ளுகிறீர்கள், எங்கள் தமிழ்ப் பிரமாணமும் பக்குவமாகத் தள்ளிவைக்கிறது.

இதோடு சண்டை தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. உதித்தவர் என்றாலும் நீங்கள் ஏற்க மாட்டீர்கள், ஏனென்றால் நாங்கள் அவரை வணங்குகிறோம். உங்களுக்கு இயேசு ஈஸா நபி: அடியார், தூதர்; அதற்கு மேலே ஏற்றினால் அது ஷிர்க், ஆண்டவனுக்கு இணை வைக்கிற பாவம். சிலுவையும் அப்படித்தான். அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்று நாலாவது சூரா 157-ல் இருக்கிறது. சிலுவையை எடுத்துவிட்டால் எங்களிடம் பெரிய வெள்ளியும் இல்லை, ஈஸ்டரும் இல்லை. "எல்லா மதமும் ஒன்றுதான் பாய்" என்று கூட்டத்தில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு அலுப்பு. ஒன்றாக இருந்தால் நீங்கள் அஸருக்கு ஓட வேண்டாம், நான் பூசைக்கு ஓட வேண்டாம், இரண்டு பேரும் உட்கார்ந்து காலர் அடிக்கலாம்.

ஆனால் நாம் சண்டை போடுகிற விதம் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அந்த வீடியோவில் ஒருவர் பைபிளையும் குர்ஆனையும் தராசில் வைத்தார். மற்றவர் ஈஸாவையும் முகம்மது நபியையும் வைத்தார். நம் தொழிலில் சொன்னால், பேண்ட் அளவை எடுத்துவைத்துக்கொண்டு சட்டை வெட்டுகிற மாதிரி.

உங்களுக்கு ஆண்டவனின் வார்த்தை இறங்கியது நூலாக. அதனால்தான் குர்ஆனைத் தரையில் வைப்பதில்லை, கை கால் கழுவி ஒளு செய்யாமல் தொடுவதில்லை, அர்த்தம் தெரியாத பிள்ளையும் அரபியிலேயே மனப்பாடம் செய்து ஹாபிழ் ஆகிறான். எங்களுக்கு வார்த்தை வந்தது ஆளாக. "தொடக்கத்தில் வாக்கு இருந்தது" என்று அருளப்பர், அதாவது யோவான், தம் நற்செய்தியை ஆரம்பிக்கிறாரே, அந்த வாக்கு இயேசுதான். அவர் கையால் எழுதிய புத்தகம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு நாள் குனிந்து விரலால் தரையில் எழுதினார், அது என்ன என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அவரைப் பற்றி நாலு பேர் எழுதினார்கள், நாலும் அங்கங்கே வித்தியாசப்படும். வீடியோக்காரர் அந்த வித்தியாசங்களைப் பட்டியல் போட்டு ஜெயித்துவிட்டதாக நினைத்தார். ஒரு விபத்தைப் பார்த்த நாலு பேர் ஒரே மாதிரி சொன்னால்தானே போலீஸ்காரனுக்குச் சந்தேகம் வரும்?

ஈஸா நபிக்கு இன்ஜீல் என்று ஒரு வேதம் கொடுக்கப்பட்டது, அதைக் கிறிஸ்தவர்கள் மாற்றிவிட்டார்கள் என்பது உங்கள் பக்கம். அவருக்குப் புத்தகமே கொடுக்கப்படவில்லை, அவரே வந்தார் என்பது எங்கள் பக்கம். எதிரில் வைத்துப் பார்ப்பதானால் குர்ஆனுக்கு எதிரில் பைபிள் இல்லை, இயேசு. குர்ஆனும் ஈஸாவை அவனுடைய வார்த்தை என்று சொல்கிறது, நாலாவது சூரா 171-ல். அதே வசனம் அடுத்த மூச்சிலேயே "மூன்று என்று சொல்லாதீர்கள்" என்றும் அதட்டுகிறது. முதல் பாதியை நான் படிப்பேன், இரண்டாம் பாதியை நீங்கள் படிப்பீர்கள். சரி.

மரியாளைப் பற்றி நாம் சண்டை போட்டதே இல்லை. குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண் அவர், பெயர் 34 இடத்தில் வருகிறது. உங்கள் வீட்டம்மா ஒரு பிப்ரவரியில் எங்களோடு ஞௌங்லேபின் மாதா திருவிழாவுக்கு வந்து, "மர்யம் அம்மாவைப் பார்க்க வந்தேன், கும்பிட இல்லை" என்று வாசலிலேயே தெளிவாகச் சொன்னது நினைவிருக்கிறதா? அங்கே எரிந்த மெழுகுவத்திகளைப் பார்த்தால் நாங்கள் மாதாவையும் தெய்வமாக்கிவிட்டோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை பாய், இல்லை.

மர்யம் சூராவில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. எங்கள் லூக்கா நற்செய்தியில் பிரசவம் ஒரே வரி: பெற்றாள், துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினாள். பக்கத்தில் சூசையப்பர் இருக்கிறார். உங்கள் சூராவில் அவள் தனியாள். பேரீச்ச மரத்தடியில் வலி தாங்காமல், இதற்கு முன்பே செத்திருக்கக் கூடாதா என்கிறாள். காலடியில் ஊற்று, மரத்தை உலுக்கினால் பழம். அந்த அலறல் எங்கள் நூலில் இல்லை. உங்கள் நூலில் சூசையப்பர் இல்லை. வீரமாமுனிவர் அவரைத் தலைவராக வைத்துத் தேம்பாவணி என்று ஒரு காவியமே பாடினார், அவர் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள், அந்த ஆள் குர்ஆனில் ஒரு வரியிலும் கிடையாது! ஆனால் அந்தப் பெயர் இருக்கிறது. யோசேப்பு, சூசை, யூசுப் எல்லாம் ஒரே பெயர்தானே.

உங்கள் பெயர்க்காரரின் கதையை இரண்டு நூலிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். தையல்காரன் படித்தால் அந்தக் கதை முழுக்கத் துணிதான். எங்கள் பைபிளின் தொடக்க நூலில் அண்ணன்மார் அவருடைய அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்து அப்பாவிடம் காட்டுகிறார்கள். துணி பொய் சொல்கிறது. எகிப்தில் எஜமானன் மனைவி அவருடைய ஆடையைப் பிடித்துக்கொள்ள, அதை விட்டுவிட்டு ஓடுகிறார். அவள் அதைக் காட்டியே பழி போடுகிறாள். இரண்டாம் தடவையும் துணி பொய் சொல்கிறது.

யூசுப் சூராவிலும் முதல் சட்டை பொய் ரத்தச் சட்டைதான். ஆனால் இரண்டாவது சட்டை சாட்சி சொல்கிறது. முன்பக்கம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்பக்கம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை என்று அவள் வீட்டாரிலேயே ஒருவர் சொல்கிறார். பின்பக்கம்தான் கிழிந்திருந்தது. இதைப் படித்தபோது கட்டிங் மேஜையில் கை தட்டிவிட்டேன். முன்னால் நின்று பிடித்தால் பட்டன் தெறிக்கும், காலர் விடும். ஓடுகிறவனைப் பின்னாலிருந்து இழுத்தால் தோள்பட்டைத் தையல் விட்டு முதுகோடு இறங்கும். எத்தனை சட்டைக்கு ஒட்டுப் போட்டிருக்கிறோம், நமக்குத் தெரியாதா? மூன்றாவது சட்டை இன்னும் மேலே. அழுது அழுது கண் வெளுத்துப்போன அப்பா யாகூப் நபியின் முகத்தில் யூசுபின் சட்டையைப் போட்டதும் பார்வை திரும்புகிறது. அது வந்து சேரும் முன்பே அவருக்கு மகனின் வாசம் அடிக்கிறது. எங்கள் நூலில் இந்தச் சட்டை இல்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ரத்தச் சட்டையைப் பார்த்து யாகூப் நபி சொல்வது "அழகிய பொறுமை". எங்கள் யாக்கோபோ உடையைக் கிழித்துக்கொண்டு, யார் தேற்றியும் தேறாமல், அழுதுகொண்டே பாதாளத்துக்கு இறங்குவேன் என்கிறார். நம் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசமும் இதுதானோ என்னவோ. 2025 மார்ச் 28, அந்தப் பூகம்ப நாள், நினைவிருக்கிறதா? உங்களுக்கு ரமலானின் கடைசி வெள்ளி, எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்து வெள்ளி. இங்கே ரங்கூனில் விளக்குதான் ஆடியது. மாண்டலேயிலும் சகைங்கிலும் ஜும்ஆ தொழுகைக்குக் கூடியவர்கள் மேலேயே பள்ளிவாசல்கள் விழுந்தன. சாயங்காலம் நோன்பு திறக்கும்போது நீங்கள் "ஸப்ரு சூசை, ஸப்ரு" என்றீர்கள், ஐயூப் நபியைச் சொன்னீர்கள். எனக்கு அன்று பொறுமை வரவில்லை. அந்த ஐயூப்தான் எங்கள் யோபு. 42 அதிகாரம் உள்ள தம் நூலில் அவர் ஆண்டவனோடு வழக்காடுகிறார், பிறந்த நாளையே சபிக்கிறார். கடைசியில் ஆண்டவன், யோபு பேசியதுதான் சரி, அவனுக்குப் புத்தி சொன்ன நண்பர்கள் பேசியது தப்பு என்கிறார். குர்ஆனில் ஐயூப் நபிக்குச் சில வசனங்கள்தான். அவற்றில் சத்தமே இல்லை. அன்று நான் கத்தியதை நீங்கள் ஈமான் (விசுவாசம்) குறைவு என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் வேதத்தில் அதற்கும் இடம் இருக்கிறது பாய், அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டைக்குப் பதிலாக நான் ஒன்று தர வேண்டும். தொடக்க நூல் 44-ஆம் அதிகாரம், யூதா பேசுவது. கிணற்றில் கிடந்த தம்பியை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே அண்ணன், இப்போது சின்னத் தம்பி பென்யமீனுக்காக நிற்கிறான். எதிரே இருப்பது யூசுப் என்று அவனுக்குத் தெரியாது. பையன் இல்லாமல் போனால் அப்பா செத்துவிடுவார், அவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். யூசுப் சூராவிலும் அண்ணன்மார் எங்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார்கள், ஆனால் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. யூதா நீளமாகப் பேசுகிறான், "அப்பா, அப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அதற்கு மேல் யூசுபால் தாங்க முடியவில்லை. அடுத்த அதிகாரத்தில் எகிப்தியர் காதில் விழும்படி ஓவென்று அழுகிறார்.

பேத்தி அந்தப் பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறாள். உங்கள் கண்ணாடிக்குப் போதும். சனிக்கிழமை மஃரிப் தொழுகைக்கு அப்புறம் எடுத்துவருகிறேன். என் பெரிய கத்திரி இரண்டு மாசமாக உங்கள் மேஜையில் கிடக்கிறது, சாணை பிடித்து வையுங்கள். பேரனையும் இருக்கச் சொல்லுங்கள். வீடியோ வேண்டாம்.

உங்கள்
சூசை