'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்ப வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு முதல், விடியற்காலை நான்கரை மணிக்கே விழிப்பு வந்து, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் பிசையும் பயம் ஒன்று நாள்தோறும் தொடங்கியது. எதற்கான பயம் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்தும், இரண்டு இடங்களிலும் 'ஒன்றுமில்லை' என்றே அனுப்பினார்கள். இதயத்தை முதலில் சோதித்தது சரிதான். ஆனால், ஒன்றுமில்லாதது மறுநாள் விடியலில் மீண்டும் ஏன் வருகிறது என்ற குழப்பத்தோடு, நானே கற்பனை செய்துகொள்கிறேனோ என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டதால், ஏழு மாதம் வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் தைராய்டு பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். உறங்கி விழித்த 30 முதல் 45 நிமிடங்களுக்குள் கார்டிசால் என்னும் ஹார்மோன் பெரும்பாலோருக்கும் உயரும். உடலை அன்றைய வேலைக்கு ஆயத்தமாக்குவது அது. கவலை மிகுந்திருக்கும் காலத்தில் உடலின் இந்த விறுவிறுப்பே ஆபத்து போலத் தோன்றக்கூடும் என்றார். அந்த விளக்கமே எனக்குப் பாதி மருந்தாயிற்று.

இப்போது விழித்ததும் படுத்தபடியே பயத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. எழுந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை மெதுவாக நீட்டி வெளிவிடுகிறேன். பிறகு வாசல் தெளித்துக் கோலம் போடுகிறேன். புள்ளி எண்ணும்போது மனம் வேறெங்கும் ஓடுவதில்லை. வெறும் வயிற்றில் குடித்த காபியைச் சிற்றுண்டிக்குப் பின் தள்ளியதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. பயம் இன்னும் சில நாள்களில் வருகிறது. வந்தாலும் பொழுது நன்கு புலர்வதற்குள் அடங்கிவிடும் என்று தெரிந்திருப்பதால் முன்போல் என்னை ஆட்டிப்படைப்பதில்லை.

எல்லோருக்கும் இவ்வளவே போதும் என்று சொல்ல மாட்டேன். அதிகாலை விழிப்போடு, எதிலும் நாட்டமின்மையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். எனக்கு அந்த ஏழு மாதமும் இது தெரியாது.

ஈ.சி.ஜி. சரியாக இருந்தால், 'இதயத்தில் குறையில்லை, இது பதற்றமாக இருக்கலாம், இன்னாரைப் பாருங்கள்' என்று மருத்துவர்கள் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்ல வேண்டுகிறேன். தங்களிடமும் ஒரு வேண்டுகோள்: தங்கம் விலையை நாள்தோறும் வெளியிடும் பக்கத்தில் இந்த எண்ணுக்கும் ஒரு வரி இடம் தாருங்கள். நாளிதழ் வாசலில் வந்து விழுவதும் பயம் வரும் அந்த விடியல் வேளையில்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மன்னார்குடி.