கப்பலுக்கும் கரைக்கும் நடுவே

அன்பு மகள் கயலுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கப்பலைப் புயல் நிவாரணத்துக்குத் தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், சரக்குப் பொறுப்பு உன்னுடையது என்று எழுதியிருந்தாய். எதை ஏற்றுவது என்பது உன் கேள்வி. அதற்கு முன்னால், ஏற்றியதை எப்படி இறக்கப்போகிறாய் என்று கணக்குப் போடு. கப்பல் நங்கூரம் போட்ட இடத்துக்கும் ஜனங்கள் தவித்து நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள அந்தச் சில மைல்தான் பெரும்பாடு.

1991 ஏப்ரல் 29 இரவு வங்கதேசத்தின் சிட்டகாங் கரையில் புயல் ஏறியபோது கடல் 6 மீட்டர் உயரத்துக்கு உள்ளே வந்தது. ஏறக்குறைய 1,38,000 பேர் செத்துப்போனார்கள். நிவாரணப் பொருள் நாட்டுக்குள் வந்து சேர்ந்தது. ஆனால் சந்தீப், குதுப்தியா போன்ற தீவுகளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. வளைகுடாப் போர் முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் கப்பல்கள் மே நடுவில் அங்கே வந்து செய்த பெரிய உதவி, ஹெலிகாப்டரையும், நீரிலும் தரையிலும் ஓடும் ஹோவர்கிராஃப்டையும் கொடுத்ததுதான். எந்த ஊருக்கு எது என்பதை வங்கதேச அரசும் அங்கிருந்த தொண்டு நிறுவனங்களும் சொல்லின. வீரர்களில் பெரும்பாலோர் இரவில் கப்பலுக்கே திரும்பினார்கள். அவர்களுக்காகக் கரையில் ஒரு குடம் தண்ணீர், ஒரு கூரை செலவாகவில்லை. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இனி தண்ணீர். எல்லாரும் முதலில் பாட்டில்களைத்தான் அடுக்குவார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. சேத்தக் ஹெலிகாப்டர் வெளியே கட்டித் தொங்கவிட்டுத் தூக்கக்கூடியது அதிகபட்சம் 750 கிலோ. வெயில் ஏறினால், எரிபொருள் நிறைய இருந்தால் அதுவும் குறையும். ஆளுக்கு 3 லிட்டர் குடிக்க என்று வைத்தால் ஒரு நடைக்கு 250 பேர். அதற்குப் பதிலாக 33 சதவீதக் குளோரின் வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 25 கிலோ மூட்டை ஒன்றை எடு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரின் என்று போட்டால் அது 16 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுத்தப்படுத்தும். முதல் இரண்டு நாளுக்குப் பாட்டில், அதன்பிறகு பவுடரும் தொட்டியும் குழாயும். இதில் தயங்காதே.

கலக்கும் முறை: ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பவுடர் போட்டுக் கலக்கி, தெளியவிட்டு, மேலே உள்ள தெளிவை மட்டும் எடு. அது ஒரு சதவீதக் கரைசல். 20 லிட்டர் குடத்துக்கு அதில் 10 மில்லி. அரை மணி நேரம் கழித்துக் குளோரின் சோதனைப் பெட்டியில் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவைக் கூட்டு. கலங்கல் தண்ணீரில் சேறே குளோரினைத் தின்றுவிடும். ஆகவே முதலில் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, துணியில் வடிகட்டு. பவுடர் ஈரம் பட்டால் வீரியம் போய்விடும், அதன் ஆவி இரும்பையும் அரிக்கும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டிரம்மில், அரிசி மாவுக்குப் பக்கத்தில் இல்லாமல், காற்றோட்டமான இடத்தில் வை.

கப்பலிலேயே கடல்நீரைக் குடிநீராக்கலாம்தான். ஆனால் ஆற்று முகத்துவாரத்தில் நின்றுகொண்டு அதைச் செய்யாதே. சேறும் எண்ணெயும் சாக்கடையும் சேர்ந்து வரும், ஃபில்டர் சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். பழுப்பு நிறத் தண்ணீரைத் தாண்டி நீலக்கடலுக்குப் போய்த் தொட்டிகளை நிரப்பிக்கொண்டு திரும்புங்கள்.

2019 மார்ச் 14 இரவு இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரில் ஏறியது. நம் கடற்படையின் சுஜாதா, ஷார்துல் கப்பல்களும் கடலோரக் காவல்படையின் சாரதியும் போய்க்கொண்டிருந்த வழியிலிருந்து அங்கே திருப்பிவிடப்பட்டன. அந்தத் துறைமுகம் இருப்பது புங்வே, புசி ஆறுகளின் முகத்துவாரத்தில். பெரிய ஏற்றவற்றத்தில் அங்கே நீர்மட்டம் 6 மீட்டர் வரை ஏறி இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில் வற்றத்தின்போது படகைக் கரையேற்றினால் அடுத்த ஏற்றம் வரும்வரை சேற்றில் உட்கார வேண்டியதுதான். ஏற்றம் பாதி ஏறும்போது உள்ளே போ, உச்சத்துக்குள் இறக்கி முடி. வெள்ளத்தில் மணல்திட்டு இடம் மாறியிருக்கும், மிதவைகள் அறுந்து போயிருக்கும், வரைபடத்தை நம்ப முடியாது. முன்னால் ஒரு சிறு படகு ஆழம் பார்த்துக்கொண்டே போகட்டும், அதில் உள்ளூர் மீனவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். ரப்பர் படகுக்குப் பெரிய எதிரி தண்ணீருக்கடியில் கிடக்கும் தகரக்கூரை. ஒட்டுப்போடும் சாமான், கைத்துடுப்பு, உதிரி புரொப்பெல்லர் மூன்றும் படகிலேயே இருக்கட்டும். அதே தகரம் ஹெலிகாப்டர் காற்றில் பறந்து ஆளை வெட்டும். இறங்கும் திடலை முதலில் ஆள்விட்டுப் பொறுக்கச் சொல், பின்புறச் சுழலிப் பக்கம் யாரையும் விடாதே.

மூட்டை எதுவும் 25 கிலோவுக்கு மேல் வேண்டாம், சேற்றில் ஒருவர் சுமக்க வேண்டும். முதலில் இறங்க வேண்டியதைக் கடைசியில் ஏற்று. விறகும் பானையும் போன வீட்டுக்கு அரிசி உதவாது. வங்கதேசத்தில் அவலும் வெல்லமும் கொடுப்பது அதனால்தான். மொசாம்பிக் என்றால் மக்காச்சோள மாவு, ஆனால் அடுப்பு மூட்ட முடிந்த பிறகு. தார்ப்பாயோடு கயிறும் சேர்த்துக் கட்டு, பலரும் மறப்பது இதைத்தான். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் அதிகமாகவே இருக்கட்டும். பெய்ராவில் புயல் ஓய்ந்து இரண்டு வாரத்துக்குள் காலரா உறுதியானது, ஏப்ரலில் அங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வாய்வழித் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டி வந்தது.

எங்கே போவது என்று முடிவெடுக்கும்போது, உதவி கேட்டுக் குரல் வரும் ஊர்களின் பட்டியலை மட்டும் பார்க்காதே. புயலுக்கு முன் இருந்த ஊர்ப் பட்டியலை எடுத்து, எதிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை என்று பார். செல்போன் கோபுரம் சாய்ந்து, படகு போய், சொல்ல ஆளில்லாமல் கிடக்கும் ஊர் அதுவாக இருக்கும். ஹெலிகாப்டரின் முதல் நடை அங்கே போகட்டும்.

ஒவ்வொரு நடைக்கும் இடம், தேதி, தலைக்கட்டு, கொடுத்த பொருள், தண்ணீரில் அளந்த குளோரின் என்று நோட்டில் எழுது. கிளம்பும்போது அந்த நோட்டின் நகலையும் மிச்சப் பவுடரையும் சோதனைப் பெட்டியையும் உள்ளூர் சுகாதார அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படை. அங்கே இருவருக்கு அளக்கும் முறையைச் செய்து காட்டிவிட்டு வா.

அன்புடன்,
அப்பா