எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடத்தில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பார்மகாலஜி புத்தகத்தைத் திறந்தாலே வெறுப்பாக இருக்கிறது, மருந்துப் பெயர் எதுவும் மண்டையில் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். முதல் வருடம் அனாட்டமிக்கு அழுதாய். இப்போது அழுகை இல்லை, சலிப்புதான் தெரிகிறது. எனக்கு அதுதான் கவலை.

நான் டாக்டர் இல்லை, கிராம சுகாதார செவிலியர். ஆனால் நீ மனப்பாடம் செய்யும் மருந்துகளோடுதான் என் பிழைப்பும். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்ததிலிருந்து சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. போட்டுக்கொள்கிறார்களா என்பது வேறு விஷயம். போன மாதம் கிழக்குத் தெருப் பாட்டி ஒருவர் பிபி மாத்திரையான அம்லோடிபினை நிறுத்திவிட்டார். கால் வீங்குகிறதாம், மாத்திரை ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்தார், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார், நெஞ்சில் ஸ்டெத் வைத்தார், சிறுநீர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கவே, இது அந்த மாத்திரையால் வரக்கூடிய வீக்கம்தான் என்று பொறுமையாகச் சொல்லி வேறு மாத்திரை எழுதினார். பாட்டி இப்போது ஒழுங்காகப் போடுகிறார். உன் புத்தகத்தில் இது பக்கவிளைவுப் பட்டியலில் ஒரே ஒரு வரி.

அதனால் வார்டு போஸ்டிங்கில் அட்டெண்டன்ஸுக்காக மட்டும் நின்றுவிட்டு வராதே. ஒரு நாளைக்கு ஒரு நோயாளி போதும். பக்கத்தில் உட்கார்ந்து என்ன மாத்திரை, எதற்கு, போட்டால் உடம்பு என்ன செய்கிறது என்று கேள். சாயங்காலம் அந்த மருந்தைப் படி. முகத்தோடு சேர்ந்த பெயர் மறக்காது. இன்டர்னலில் மார்க் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. நாலரை வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். முழுக்க ஒரே வேகத்தில் யாராலும் ஓட முடியாது.

இன்னொன்று. தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், எதிலுமே மனசு ஒட்டாமல் இரண்டு வாரம் போனால் அதைச் சோம்பல் என்று நினைத்துத் திட்டிக்கொள்ளாதே. மனநலத் துறையில் போய்ப் பேசு. இல்லாவிட்டால் 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. எனக்கும் சொல், லீவு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினை ஏன் சாப்பாட்டோடு போடச் சொல்கிறோம் என்று எனக்கு விளக்கிச் சொல். வீடு வீடாக நான் சொல்லிக்கொண்டிருப்பதுதான். காரணத்தை உன் வாயால் கேட்க ஆசையாக இருக்கிறது.

அம்மா