மத்திய வீதிக் கடையை வாங்கிய பணிப்பாளர் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் சபையினருக்கு,

வணக்கம். திருகோணமலை மத்திய வீதியில் நீங்கள் வாங்கிய மூன்று மாடிக் கடையின் பழைய வாடிக்கையாளர்களில் நானும் ஒருத்தி. என்னை யாரும் பிரதிநிதியாக நியமிக்கவில்லை. மீன் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் எல்லோரும் இதைத்தான் கதைக்கிறார்கள், எழுதத்தான் ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடையை வாங்கியதற்காக உங்கள் மேல் கோபமில்லை. முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் கனடாவில். விற்றார், அது அவர் சொத்து. குளிரூட்டி போட்டிருக்கிறீர்கள், சித்திரை வெயிலுக்கு அது பெரிய புண்ணியம். ஒவ்வொரு சாமானிலும் விலை ஒட்டியிருப்பதும் நல்லதே. முன்பு விலை கேட்கக் கூச்சப்பட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் கொப்பிகளை என்ன செய்தீர்கள்?

காசு மேசைக்குப் பின்னால் நீள மட்டை போட்ட கடன் கொப்பிகள் அடுக்கியிருந்தன. சும்மா தாராள மனதுக்கு வைத்திருந்த கொப்பிகள் என்று நினைக்கவேண்டாம். முதலாளி கெட்டிக்கார வியாபாரி. கார்த்திகை தொடங்கினால் இந்தக் கரையில் வாடைக்காற்று, கடல் கொந்தளிக்கும். சிறு படகுக்காரருக்கு மாசி வரைக்கும் வருமானம் இல்லையென்றே சொல்லலாம். பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் புத்தகப் பையும் வாங்கவேண்டிய தை மாதம் சரியாக அதற்குள்தான் வருகிறது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் பெரும்போகம் வெட்டி நெல் விற்றுக் காசு கையில் வர மாசி, பங்குனி ஆகிவிடும். கொப்பியில் தவணை இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டது. மீனவருக்கு ஒரு தவணை, வயல்காரருக்கு வேறு. உங்கள் முகாமையாளர் இப்போது கடனட்டை இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லையென்றால் 30 நாளில் கட்டவேண்டுமாம். 30 நாளில் வாடை முடியாது, ஐயா.

இன்னொரு விசயம், இது உங்களுக்கே நட்டம். கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் பழைய கடனைக் கட்ட வந்தார். காசாளர் பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கட பேரில ஒண்டும் இல்லையம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டது. அந்தத் தாய் காசை முந்தானையில் முடிந்துகொண்டு அங்கேயே நின்றார். கடன் கட்ட வந்தவரைத் திருப்பி அனுப்பிய கடையை நான் முதல் தடவை பார்த்தேன்.

பழைய ஊழியர்கள் பற்றியும் சொல்லவேண்டும். மூதூருக்குப் படகில் திரும்பவேண்டிய ஆட்களுக்கு முதலில் பில் போடுவார்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று அவர்களுக்கு மனப்பாடம். நோன்புப் பெருநாள் நெருங்கினால் இரவு பிந்தியும் கடை திறந்திருக்கும். நீர்கொழும்பிலிருந்து வந்து கரையில் வாடி போட்டுத் தங்கும் மீனவர்களோடு நல்ல சிங்களத்தில் விலை பேசுவார்கள். சீத்தைத் துணியை யார்க் கணக்கில் அளந்து, கூடவே ஒரு சாண் விட்டு வெட்டும் அண்ணரைக் களஞ்சிய அறையில் பெட்டி அடுக்க விட்டிருக்கிறீர்கள். சீருடையில் பொருத்தமாக இல்லையென்று காரணமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் சேர்ந்த நாள், கடை பூட்டு. கடல் வந்து போன பிறகு அந்தப் பழைய ஊழியர்களே வந்து திறந்து, உடுத்த உடையோடு ஓடிவந்த சனத்துக்குச் சாரமும் சேலையும் கொடுத்தார்கள். அன்று கொடுத்தது எந்தக் கொப்பியிலும் ஏறவில்லை.

இப்போது பெயர்ப்பலகை. அதை இறக்கிய அன்று வீதியில் கூட்டம் நின்றது உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்குமோ தெரியாது. பலகைக்காக ஒரு ஊர் இப்படி நிற்குமா என்று கேட்பீர்கள். சிகாகோவே நின்றதே! அங்கே ஸ்டேட் வீதியில் மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்ற பேரங்காடி, 1852இல் தொடங்கிய வியாபாரம். 13ஆம் மாடியில் செய்த அவர்களுடைய புதினாச் சொக்கலேற்றை 1999இல் பென்சில்வேனியாவில் செய்யக் கொடுத்தபோதே ஊர் கொதித்தது. 2005இல் ஃபெடரேட்டட் நிறுவனம் அதன் தாய் நிறுவனத்தை ஏறத்தாழ 1,100 கோடி டொலருக்கு வாங்கி, 2006 செப்டம்பர் 9 அன்று கடையின் பெயரைத் தன்னுடைய மற்றக் கடைகளின் பெயரான மேசிஸ் என்று மாற்றியது. அன்றே சனம் கடை மூலையிலிருந்த பெரிய மணிக்கூட்டின் கீழ் பதாகையோடு நின்றது. பழைய பெயர் பொறித்த வெண்கலத் தகடுகள் சுவரில் அப்படியே விடப்பட்டன. பெரிய பெயர் வந்தால் சனம் தானாக வரும் என்று நினைத்தார்கள் போலும். பலர் இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று போய்விட்டார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கண்டியில் 1844இல் தொடங்கிய காகில்ஸ் வியாபாரம், 1980களின் தொடக்கத்தில் வேறு முதலாளிகள் கைக்குப் போனது. பெயரை யாரும் கழற்றவில்லை. 1983இல் சுப்பர்மார்க்கெட் திறந்தபோதும் அதே பெயர்தான். வாங்கியவர்களுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் பலகை மேலே இருக்கட்டும், பழைய பெயரை அதன் கீழே சின்னதாகவேனும் எழுதுங்கள். அண்ணரைத் துணி மேசைக்குத் திருப்பி அனுப்புங்கள். கடலுக்கும் வயலுக்கும் போகிறவர்களின் தவணையை அவர்கள் தொழிலைப் பார்த்து எழுத இங்கேயுள்ள முகாமையாளருக்கு அதிகாரம் கொடுங்கள், எல்லாவற்றுக்கும் கொழும்பைக் கேட்க வைக்காதீர்கள்.

அப்புறம் அந்தக் கொப்பிகள். கட்டடத்தோடு உங்களிடம் வந்திருந்தால் தேடி எடுங்கள், இல்லையென்றால் முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். கடனைக் கட்ட வரும் சனத்துக்கு ஒரு மேசை போட்டு ஒரு பற்றுச்சீட்டு கொடுத்தால் போதும். கிண்ணியாத் தாய்க்கு எந்த நாளில் வரச்சொல்வது என்று மட்டும் எனக்கு அறிவியுங்கள்.

இப்படிக்கு,
மத்திய வீதிக் கடையின் பழைய வாடிக்கையாளர் ஒருத்தி,
திருகோணமலை.