பொருளாளரைக் கேட்டிருக்கலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழின் இணையப் பக்கத்தில் வெளிவரும் சிங்கப்பூர்ச் சமூகத் தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில், எண்பதுகளில் எங்கள் வட்டாரக் குடிமக்கள் ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்தவரைப் பற்றியும் ஒன்று வந்திருக்கிறது. அவர் பெயரை இன்னொரு முறை அந்த வரியோடு சேர்த்து எழுத எனக்கு மனமில்லை; யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். "பண விவகாரம் தொடர்பான புகார்களுக்கிடையே அவர் பொறுப்பிலிருந்து விலகியதாகக் கூறப்படுகிறது" என்பது அந்த வரி. கூறியவர் யார், எப்போது, எங்கே என்பதற்கு ஓர் அடிக்குறிப்புகூட இல்லை. அந்த ஆண்டுகளில் அக்குழுவின் பொருளாளராக இருந்தவன் நான். பண விவகாரம் என்று ஒன்று இருந்திருந்தால் முதலில் என்னையல்லவா பிடித்து விசாரித்திருப்பார்கள்? அன்றும் என்னை யாரும் கேட்கவில்லை. இன்று உங்கள் செய்தியாளரும் கேட்கவில்லை.

அவர் விலகியது ஈசூனில் புது வீடு கிடைத்துக் குடும்பத்தோடு அங்கே போனதால்தான். கடைசிக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. அடுத்த வாரம் சமூக மன்றத்தில் நடந்த பிரிவுபசார விருந்துக்கு அன்றைய நாடாளுமன்ற உறுப்பினரும் வந்திருந்தார். புகாருக்கு ஆளானவரை மாலை போட்டு வழியனுப்பும் வழக்கம் வேறு எந்தத் தொகுதியிலாவது இருந்ததா என்பதை உங்கள் ஆசிரியர் குழு ஆராய்ந்து சொன்னால் நன்றியுடன் தெரிந்துகொள்வேன்.

அதே குறிப்பு, 1984 பொதுத் தேர்தலின்போது அவர் "குழுத்தொகுதி முழுவதும்" வீடு வீடாகச் சென்றதாகவும் சொல்கிறது. பல வேட்பாளர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதி முறையே 1988இல்தான் நடப்புக்கு வந்தது. அவர் பெற்ற பொதுச் சேவைப் பதக்கத்தைப் பொதுச் சேவை நட்சத்திர விருதாக உயர்த்தியும் இருக்கிறீர்கள். தாராள மனம்தான், ஆனால் தேசிய தின விருதுப் பட்டியல் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வந்ததே, அதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? விருதைச் சரிபார்க்காத கை பழியையும் சரிபார்த்திருக்காது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு தளத்தில், பெயர் சொல்லாத ஒருவர் ஆதாரமின்றி எழுதி வைத்திருந்ததை, எடுத்த இடத்தைச் சொல்லாமலே நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது அதே தளத்தில், அதே வரியின் கீழ், ஆதாரமாக உங்கள் இதழின் பெயர் நிற்கிறது. ஒரு வதந்திக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

தன்னார்வலர்கள் நடத்தும் விக்கிப்பீடியாவே இதில் அடிபட்டுத் திருந்தியது. ஜான் சீகெந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் கென்னடி கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்று 2005இல் யாரோ விளையாட்டாக எழுதிய பொய் அங்கே நான்கு மாதங்களுக்கு மேல் கிடந்தது. அதே ஆண்டின் இறுதியில்தான், உயிரோடிருப்பவரைப் பற்றி ஆதாரமின்றி எழுதப்படும் சர்ச்சைக்குரிய தகவலைக் காத்திராமல் நீக்க வேண்டும் என்ற தனிக் கொள்கையை அவர்கள் வகுத்தார்கள். சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழுவுக்கு அப்படியொரு விதி உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவாகப் பட்டால் பொறுத்தருள்க.

பொதுவாழ்வில் இருந்தவர்களின் குறையை மறைக்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதிபர் தேவன் நாயர் 1985 மார்ச்சில் பதவி விலகியபோது அரசாங்கம் நாடாளுமன்றத்தில் ஒரு காரணம் சொன்னது. அவர் பின்னாளில் அதை மறுத்தார். இரண்டும் பதிவில் இருக்கின்றன. நேர்மையாக எழுதுபவர் இரண்டையும், யார் எப்போது சொன்னார் என்பதோடு, எழுதலாம். பெரிய மனிதர்களுக்கு நாடாளுமன்ற அறிக்கையும் வாழ்க்கை வரலாற்று நூல்களும் துணைக்கு இருக்கின்றன. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தார் என்பதை ஒருவர் தவறாக எழுதினால் திருத்தப் பத்துப் பேர் வருவார்கள். சமூக மன்றத்தில் நாற்காலி அடுக்கியவருக்கு இருப்பது உங்கள் ஒரு பக்கம் மட்டும். அதைத்தான் அவருடைய பேத்தியின் வருங்கால மாமனார் வீட்டார் படித்துவிட்டு, மிகுந்த நாசூக்கோடு, விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

இது முதல் முறையும் அல்ல. அதே பெயருடைய வேறொருவரின் படத்தை ஓர் இரங்கல் குறிப்பில் நீங்கள் போட்டபோது எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று மின்னஞ்சல் வந்தது, படம் மாறவில்லை. வட்டாரத் தலைவர்களின் பட்டியலில் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் உழைத்த பெண்கள் ஒருவரும் இல்லையே என்று எழுதியதற்கு அந்த நன்றியும் கிடைக்கவில்லை. ஆதாரம் கிடைப்பது கடினம் என்று இனியும் சொல்லாதீர்கள். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன. 1979 முதல் பதிவு செய்யப்பட்டுவரும் வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள் இருக்கின்றன. அதே வாரியத்தின் இணையக் கலைக்களஞ்சியமான இன்ஃபோபீடியாவின் கட்டுரைகளின் அடியில் ஆதாரங்களை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள் என்று பார்த்தாவது எழுதலாம்.

அந்த வரியை நீக்கி, நீக்கியதைத் தேதியோடு குறிப்பின் அடியிலேயே தெரிவியுங்கள். சத்தமில்லாமல் அழித்தால் மற்றத் தளத்தில் அது அப்படியே இருக்கும். தேர்தல் ஆண்டையும் விருதையும் அப்படியே திருத்திவிடலாம். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். தொலைபேசி எண்ணை அவர் அனுமதியோடு அனுப்பி வைக்கிறேன். காலையிலேயே அழைப்பது நல்லது, மதிய உணவுக்குப் பிறகு காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
தோ பாயோ